நாற்சார் வீட்டைக் கையில கட்டுறதெண்டால்: எந்தக் கட்டடம், எந்த மூவ்மென்ட், ஆரின்ட கை?

ஒரு கட்டடத்தைப் பாத்து அதில இருந்து ஒரு கைமணிக்கூட்டை டிசைன் பண்ணி, அதையும் கொழும்புக்குள்ளயே கைவேலையா செய்விச்சுக் கட்டோணும் எண்டு ஆசைப்படுற ஆக்கள் இப்ப கூடிக்கொண்டு வருகினம், ஆர்கிடெக்சர் படிக்கிற பிள்ளையள், நகை டிசைன் செய்யிற ஆக்கள், சும்மா மணிக்கூட்டுப் பைத்தியம் பிடிச்ச ஆக்கள் எண்டு. கேக்கிற முதல் கேள்வி எல்லாருக்கும் ஒண்டுதான், எந்த மூவ்மென்ட், அதாவது மணிக்கூட்டுக்குள்ள ஓடுற மெஷின், வாங்கிறது எண்டு. என்னைக் கேட்டால் அது மூண்டாவதாக் கேக்கவேண்டிய கேள்வி. முதலாவது, கட்டடத்தில இருந்து என்னத்தை எடுக்கப்போறீங்கள் எண்டது. ரெண்டாவது, கேஸை, அதாவது மணிக்கூட்டின்ட வெளிக்கூட்டை, ஆர் செய்யப்போகினம் எண்டது. இது ரெண்டும் முடிவானால் மூவ்மென்ட் தானா முடிவாகும், ஏனெண்டால் அதுக்குப் பிறகு உங்கட கையில இருக்கிறது மில்லிமீற்றர் கணக்கு மட்டும்தான்.

கட்டடத்தில இருந்து எடுக்கக்கூடியது ரெண்டு சாமான். ஒண்டு முகப்பு, மற்றது வெட்டுமுகம். முகப்பெண்டால் வெளியில நிண்டு பாக்கேக்க தெரியிற கோலம், வெட்டுமுகமெண்டால் வீட்டை நடுவால அறுத்துப் பாத்தால் தெரியிற உயரம், பள்ளம், சரிவு, வெளிச்சம் வாற வழி. நான் கண்ட கட்டட மணிக்கூடுகளில முக்காவாசி முகப்பை டயலில பதிச்சதுதான். அது பிழையெண்டு சொல்லேல்ல, ஆனா அது படம் போட்ட மணிக்கூடு, கட்டடத்தில இருந்து பிறந்த மணிக்கூடில்ல.

கொழும்பிலயே நாலஞ்சு கட்டடத்தை எடுத்து வைச்சுப் பாப்பம். புறக்கோட்டை ரெண்டாம் குறுக்குத் தெருவில இருக்கிற சம்மாங்கோட்டுப் பள்ளி, 1908இல தொடங்கி 1909இல முடிச்சது, சிவப்பும் வெள்ளையுமா வரி வரியா, அதைப்போல ஒரு கட்டடம் இந்த ஊரில வேற இல்ல. டயலுக்கு எண்டால் அதை விட வடிவு கிடைக்காது, மீனா வேலை தெரிஞ்ச ஆள் கிடைச்சால் வெள்ளித் தகட்டில கோடு வெட்டி சிவப்பு எனாமல் உருக்கி ஊத்தலாம், ஒரு முறை பாத்தால் ஆரும் மறக்காயினம். ஆனா அதின்ட பலம் முழுக்க முகப்பிலதான் இருக்கு, கேஸ் சாதாரண வட்டக் கேஸாத்தான் வரும். நீங்கள் முதல் முதலா ஒண்டு செய்யிறீங்கள், கையில காசு குறைவு, டயல் மட்டும் செய்து ரெடிமேட் கேஸில போடப்போறீங்கள் எண்டால் இதையே எடுங்கோ, நல்ல தெரிவு.

கோட்டை சதாம் வீதிச் சந்தியில நிக்கிற மணிக்கூட்டுக் கோபுரம் அடுத்தது. 1857இல கட்டினது, அப்ப கவர்னரா இருந்த ஹென்றி வார்டின்ட மனுசி வரைஞ்ச டிசைன், பிறகு அதையே வெளிச்சவீடாவும் பாவிச்சு, சுத்திவர உயரமான கட்டடங்கள் வந்து வெளிச்சத்தை மறைக்க 1952இல நிப்பாட்டினவை. கதை சரியான வடிவு. ஆனா மணிக்கூட்டுக்குள்ள மணிக்கூட்டுக் கோபுரத்தின்ட உருவம் வைச்சால் அதில புதுசா எதுவும் சொல்ல மிச்சமிருக்காது. தாமரைக் கோபுரமும் அப்பிடித்தான், 350 மீற்றருக்கு மேல உயரம், தூர இருந்து பாக்கிற உருவம்தான் அதின்ட எல்லாம், சின்னதாக்கினால் சாவிக்கொத்தில தொங்குற சாமானா வந்து நிக்கும்.

பேரே வாவிக்குப் பக்கத்தில மோஷே சஃப்டி டிசைன் பண்ணின அல்டெயர் மாடிக்கட்டடம் வேற மாதிரி, நேரா நிக்கிற கோபுரத்தில மற்றது சாஞ்சு நிக்குது, அதில வெட்டுமுகம் இருக்கு. டயலைச் சரிச்சு வைக்கிற யோசனை அதில இருந்து நேரா வரும். மணிக்கூட்டு உலகத்தில அதுக்கு முன்னோடியும் இருக்கு, வஷெரோன் கொன்ஸ்டன்டின் எண்ட சுவிஸ் மணிக்கூட்டுக் கம்பனி 1921இல கார் ஓட்டுற ஆக்களுக்கெண்டு டயலைத் திருப்பிப் போட்டது, 1976இல அமிடா டிஜிட்ரெண்ட் எண்டு ஒண்டு வந்தது, நேரம் மேல இல்லாமல் பக்கவாட்டில நிமிந்து நிண்டு தெரியும், உள்ளுக்க ஒரு பிரிசம் வைச்சு எண்ணைத் திருப்பிக் காட்டினது. ஆனா டயலை உண்மையா சாய்ச்சால் மூவ்மென்டும் சாயும், ஒரு பக்கம் உயரம் ஏறும், சாவி திருகிற கிரவுன் குமிழின்ட தண்டு கோணத்தில வரும், கண்ணாடி ஸ்பெஷலா வெட்டோணும். கையால செய்யிற ஒரு ஆளுக்கு அது சரியான பாரம்.

நான் எடுக்கச் சொல்லுறது நாற்சார் வீடு. யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு விளக்கம் தேவையில்ல, நாலு பக்கமும் கூரை உள்ளுக்க சரிஞ்சு வந்து நடுமுற்றத்தில முடியும், சுத்திவர விறாந்தை, வெயிலும் மழையும் முற்றத்துக்க நேரா விழும், ஆனா இருக்கிற ஆக்கள் நிழலில இருப்பினம். கொழும்பில இதுக்கு நல்ல உதாரணம் ஆர்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா 1960களின்ட துவக்கத்தில பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்காக அல்ஃபிரட் பிளேஸில கட்டின வீடு, மதிலுக்கு உள்ள வந்தால் நடுவில பெரிய முற்றம், எல்லா அறையும் அதைப் பாத்தபடி. அந்த வீடு இப்ப அந்த இடத்தில இல்ல, கழட்டிக் கொண்டுபோய் பெந்தோட்டைப் பக்கம் லுணுகங்கவில திரும்பக் கட்டினவை. பிறகு வந்த எத்தினையோ கொழும்பு வீடுகள் அதில இருந்துதான் பிறந்தது. அந்த வீட்டுக்கு வெளியால சொல்லிக்கொள்ளுற முகப்பே இல்ல, எல்லாம் வெட்டுமுகம்தான். மணிக்கூடாக்கிறதுக்கு அதுதான் வேணும்.

மணிக்கூட்டில அது எப்பிடி வரும் எண்டால், சதுரக் கேஸ், வெளி விளிம்பு 33 மில்லி, அதில இருந்து நாலு பக்கமும் உள்ளுக்க சரிஞ்சு போற கூரை, நடுவில 20 மில்லி சதுர முற்றம், 3 மில்லி ஆழம். கணக்குப் போட்டால் சரிவு 25 பாகைக்குக் கிட்ட வரும், ஓட்டுக் கூரை மாதிரியே கண்ணுக்குத் தெரியும். முற்றத்தின்ட தரைதான் டயல். காலி முகத்திடலில பின்னேர வெயிலில நிண்டு பாத்தால் மேற்குப் பக்கத்துக் கூரையின்ட நிழல் டயலில பாதிக்குச் சாஞ்சு விழுந்திருக்கும், முள்ளு நிழலுக்க போய் வெளிச்சத்துக்கு வரும், கையை அசைக்க நிழலும் அசையும். சாதாரண மணிக்கூட்டில கண்ணாடிதான் உச்சியில இருக்கு, வெயிலில பளபளத்து நேரம் தெரியாது. இதில கூரை மறைக்கிறதால பக்கத்தால வாற வெளிச்சம் அடிக்காது. பதிலுக்கு ஒண்டை விட்டுக்குடுக்கோணும், சரிவாப் பாத்தால் டயலின்ட ஒரு ஓரம் மறையும், கையை நேராத் திருப்பித்தான் பாக்கோணும்.

இப்ப முக்கியமான தெரிவு வருது. கூரை கண்ணாடிக்கு உள்ளயா, வெளியயா?

உள்ள வைச்சால் மேல 33 மில்லி தட்டைச் சதுரக் கண்ணாடி மூடும், கூரை சுத்தமா இருக்கும், தூசி போகாது. ஆனா சதுரக் கண்ணாடிக்குச் சதுர கேஸ்கெட், அதாவது தண்ணி விடாமல் இறுக்கிற றப்பர், வேணும், சதுரத்தில மூலைதான் பிரச்சினை, வட்டத்தில றப்பர் வளையம் எல்லா இடமும் ஒரே மாதிரி நெரிபடும், மூலையில நெரிபடாது. நாற்சார் வீட்டிலயும் முதல் ஒழுகிறது ரெண்டு கூரை சந்திக்கிற கூடல்வாயில தானே, அதே கதை. கொழும்பு வெக்கையில வேர்வை, ஒக்டோபர் மழை, பஸ்ஸில நெரிபட்டு வாற ஈரம் எல்லாத்தையும் யோசிச்சால் கையால செய்த சதுர கேஸ்கெட்டை நான் நம்பமாட்டன்.

வெளிய வைக்கிறதெண்டால் கண்ணாடி கீழ, முற்றத்துத் தரை மட்டத்தில வரும், கூரை திறந்தபடி மேல நிக்கும், உண்மையான நாற்சார் வீட்டில மழை முற்றத்துக்க விழுற மாதிரியே. அப்ப கண்ணாடி சின்ன வட்டமா இருக்கலாம், கூரைக்கு அடியில ஒளிஞ்சிருக்கிறதால வட்டமெண்டு ஆருக்கும் தெரியாது, வட்ட கேஸ்கெட் கடையில வாங்கலாம். தண்ணி தேங்குமே எண்டு கேப்பீங்கள், தேங்கும், அதுக்கு 6 மணிப் பக்கம் விளிம்பில ஒரு மில்லி அகலத்தில பீலி மாதிரி ஒரு வெட்டு விட்டால் கையைச் சாய்க்க வடிஞ்சிடும். அந்தப் பீலி இந்த டிசைனுக்குக் கிடைச்ச போனஸ் எண்டே சொல்லுவன், கேஸில தேவையில்லாமல் ஒரு அலங்காரமும் இல்லை, இருக்கிற ஒரே வெட்டும் வேலை செய்யிற வெட்டு. ஊத்தை பிடிக்கும், கிழமைக்கு ஒருக்கா பழைய பல்தூரிகையால தேய்க்கவேணும். அது எனக்குச் சம்மதம்.

வெளிக்கூரை எண்டு முடிவெடுத்த உடன மணிக்கூடு ரெண்டாப் பிரியும். உள்ளுக்க ஒரு வட்டக் கோப்பை, மூவ்மென்ட், டயல், முள்ளு, கண்ணாடி, கேஸ்கெட் எல்லாம் அதுக்குள்ள, தண்ணி விடாமல் காக்கிறது அதின்ட வேலை. மேல ஒரு சதுரக் கூரை, உருவமும் நிழலும் அதின்ட வேலை. பாவாவும் கூரைக்கு இதைத்தான் செய்தவர், அலையலையான சீமெந்து ஷீட்டை அடியில போட்டு அதுக்கு மேல பழைய அரைவட்ட ஓட்டை அடுக்கிறது, ஒழுகாமப் பாக்கிறது ஷீட், கண்ணுக்குத் தெரியிறது ஓடு. ரெண்டு வேலையையும் ஒரே சாமானிட்ட குடுக்கேல்ல. மணிக்கூட்டிலயும் குடுக்கத் தேவையில்ல, அதோட இப்பிடிப் பிரிச்சால் ரெண்டு வேற வேற ஆக்களிட்ட வேலையைப் பங்கிடலாம், கொழும்பில அது பெரிய விசயம்.

ஏனெண்டு கேஸ் ஆர் செய்யிறது எண்ட கேள்விக்கு வந்தால் விளங்கும். முதல் வழி சீனாவுக்கு ட்ரோயிங் அனுப்பி 316 எல் எண்ட துருப்பிடியாத ஸ்டீலில சிஎன்சியில, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டுற மெஷினில, வெட்டுவிக்கிறது. அளவு நூலுக்கு நூல் சரியா வரும், தண்ணி விடாது, விளிம்பு கத்தி மாதிரி நிக்கும். ஆனா ஒண்டே ஒண்டு செய்து தா எண்டால் கனபேர் திரும்பியும் பாக்கமாட்டினம், செய்தாலும் செட்டப் காசு முழுக்க அந்த ஒண்டின்ட தலையில விழும், வந்து பாத்து சரிவு ரெண்டு பாகை கூடிப்போச்செண்டால் திரும்ப முதல்ல இருந்து. அம்பது செய்து விக்கப்போறீங்கள் எண்டால் அந்த வழி சரி, மற்ற எதையும் யோசிக்கவேண்டாம். ஒண்டு ரெண்டுக்கு எண்டால் வேண்டாம்.

ரெண்டாவது, பஞ்சிகாவத்தைப் பக்கத்து லேத் பட்டறைகள். வாகன சாமானுக்குத்தான் பேர்போன இடம், ஆனா புஷ், பேரிங் கூடு எண்டு நுணுக்கமா கடையிற கை அங்க இருக்கு. வட்டக் கோப்பை எண்டால் அவையளுக்குத் தெரிஞ்ச வேலை, ஒரு நூறில ஒரு பங்கு மில்லி எண்டு சொன்னால் மைக்ரோமீற்றரை எடுத்துக் காட்டுவினம். "நானா, இதுக்கு 0.05 மில்லி இடைவெளி காணும், அதுக்கு மேல விடவேண்டாம்" எண்டு ட்ரோயிங்கில எழுதிக் கையில குடுத்தால் போதும், வாயால சொல்லிப்போட்டு வரக்கூடாது. சதுரமும் சரிவும் லேத்துக்கு ஒத்துவராது, அதைக் கேக்கவும் வேண்டாம்.

மூண்டாவது, செட்டியார் தெரு. தங்கம் வாங்கப் போற தெருவெண்டுதான் எல்லாரும் நினைக்கினம், ஆனா கடையளுக்குப் பின்னால, மாடிப்படிகளுக்கு மேல சின்னச் சின்ன அறைகளில பத்தர்மார் இருந்து வேலை செய்யினம், ஊதுகுழல், குறடு, அரம், வெண்காரம், வேற ஒண்டும் இல்ல. தட்டையான வெள்ளித் தகட்டை நாலு சரிவா வெட்டி மூலை மூலையா ஒட்டுறது அவையளுக்கு நகைப்பெட்டி செய்யிறதை விடச் சின்ன வேலை. வெளிக்கூரைக்கு இதை விட நல்ல கை இந்த ஊரில இல்ல.

மொறட்டுவையில மரத்தில செய்யலாம் எண்டு சிலபேர் சொல்லுவினம், கருங்காலியில கூரை சரியான வடிவாத்தான் இருக்கும், ஆனா மரம் ஈரத்துக்கு வீங்கும் காய்ஞ்சால் சுருங்கும், கொழும்புக் காத்தில வருசம் முழுக்க ஈரம், ஏசி அறைக்குள்ள போய் வந்து போய் வந்து மெல்லிய விளிம்பு வெடிக்கும். கொங்கிறீற் ஆசையும் உண்டு, பாவா கட்டடம் எண்டால் கொங்கிறீற் தானே எண்டு. டயல் தரைக்கு அதைப் பாவிக்கலாம், மெல்லிய பித்தளைத் தட்டத்தில நைசான சீமெந்துக் கலவையை ஒரு மில்லிக்கும் குறைவா பூசி, காய்ஞ்ச பிறகு தேய்ச்செடுத்தால் முற்றத்துச் சீமெந்துத் தரை மாதிரியே வரும், ஆனா மூவ்மென்டுக்கு மேல சீமெந்துத் தூள் ஒரு துகள் விழுந்தாலும் மெஷின் நிக்கும், அதால வார்னிஷ் அடிச்சு மூடவேணும். கேஸுக்கு கொங்கிறீற் வேண்டாம், அந்த மெல்லிசில உடையும்.

மெட்டலுக்கு வருவம். கோப்பைக்கு ஸ்டீலா பித்தளையா எண்டால் ஸ்டீல். பித்தளை கடையிறதுக்கு வெண்ணெய் மாதிரி, லேத் பட்டறை நானாவும் பித்தளை எண்டால் சந்தோசப்படுவார், ஆனா கையில படுற பின்மூடி பித்தளையெண்டால் வேர்வையில பச்சைக்கறை தோலில பிடிக்கும். பின்மூடியை மட்டும் ஸ்டீலில செய்து கோப்பையைப் பித்தளையில விடலாம், அது நல்ல சமரசம், செலவும் குறையும். கூரைக்கு 925 வெள்ளி. பித்தளைக் கூரையும் பரவாயில்ல, ஆனா வெள்ளி கருக்கிற விதம் இந்த டிசைனுக்கு வேலை செய்யும், சரிவின்ட மேல்விளிம்பு சட்டைக்கை உரசி வெளிச்சமா இருக்கும், கூடல்வாய்க் கோடு நாலும் கறுத்துப்போகும், கூரையின்ட வரி அப்பத்தான் தெளிவாத் தெரியும். கடற்காத்தில அது கெதியாவே நடக்கும். கருக்காமல் இருக்க ரோடியம் பூசட்டோ எண்டு கேப்பினம், வேண்டாமெண்டு சொல்லுங்கோ.

வார்ப்பா ஒட்டா எண்டதும் ஒரு தெரிவு. ரெசினில 3டி பிரின்ட் எடுத்து அதை அச்சாக்கி வெள்ளி வார்க்கிற இடங்கள் இப்ப நிறைய, கெதியா முடியும், ஆனா உலோகம் ஆறேக்க சுருங்கும், உள்ளுக்க சின்னச் சின்னத் துளை வரும், அதை மெருகுபோட்டுச் சரிப்பண்ணேக்க விளிம்பு உருண்டுபோகும். கூரைக்கு விளிம்புதான் உயிர். அதால தகட்டில இருந்து ஒட்டுறதுதான் என்ர தெரிவு. நான் போய் வேலை செய்விக்கிற பத்தர் ஐயா தகட்டை வெட்ட முதல் ஒவ்வொரு சரிவின்ட பக்கத்தையும் அரத்தால கோணமாத் தேய்ப்பார், நாலையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பாப்பார், மூலையில மயிரிழை வெளிச்சம் தெரிஞ்சாலும் திரும்பத் தேய்ப்பு. "பிள்ளை, பொடி இடைவெளியை நிரப்பாது, தொட்டுக்கொண்டிருக்கிற இடத்திலதான் ஓடும்" எண்டார், பொடி எண்டது தகட்டை ஒட்டுறதுக்கு உருக்கிற கலவை. பிறகு இரும்புக் கம்பியால இறுக்கிக் கட்டி, வெண்காரத்தைக் குழைச்சு மூலையில தடவி ஊத, முதல்ல அது வெள்ளையா பொங்கி எழும்பும், பேந்து அடங்கி கண்ணாடிபோல உருகும், வெள்ளி மங்கல் சிவப்புக்கு வாற அந்தக் கணத்தில பொடி பளிச்செண்டு ஒரு கோடா மூலை முழுக்க ஓடி முடியும். நெருப்பை ஒரு விநாடி கூட வைச்சால் கூரையே தொய்ஞ்சிடும், 925 வெள்ளி 800 பாகை அளவில உருகத் தொடங்கிறது, பொடிக்கும் தகட்டுக்கும் இடையில பெரிய இடைவெளி இல்ல. அந்தக் கையை மெஷினில எதிர்பாக்க ஏலாது.

ஒரு எச்சரிக்கை, நெருப்புப் பட்ட வெள்ளி மெதுமையாப் போயிடும். தகட்டை 1.2 மில்லிக்குக் கீழ விடாதேங்கோ, விளிம்பு மேசையில இடிபட்டே நெளியும். ஒட்டி முடிஞ்ச பிறகு 300 பாகையில ஒரு மணித்தியாலம் வைச்சு ஆறவிட்டால் கொஞ்சம் இறுகும், அடுப்பு வைச்சிருக்கிற ஆளிட்டக் கேட்டுப் பாருங்கோ. கூரையைக் கோப்பையில பசை போட்டு ஒட்டவேண்டாம், மூலைக்கு ஒண்டா நாலு சின்ன ஸ்க்ரூ போதும். ரெண்டுக்கும் இடையில வேர்வை போய் நிக்கும், கழட்டிக் கழுவ வழி இருக்கோணும்.

இனி மூவ்மென்ட். கணக்கு இப்ப லேசு. கோப்பைக்கு மூவ்மென்ட் தடிப்பு, அதோட டயல், முள்ளு ஓடுற இடம், கண்ணாடி, பின்மூடி இதுகளுக்கு மட்டும் மேலதிகமா நாலு தொடக்கம் நாலரை மில்லி, அதுக்கு மேல கூரை 3 மில்லி. யூனிட்டாஸ் 6498ஐ கைவேலை செய்யிற ஆக்கள் எல்லாரும் விரும்புவினம், நானும் விரும்புறன், பெரிய மெஷின், பாகங்கள் பெரிசு, சாவி குடுக்கேக்க கையில தெரியிற அந்த இறுக்கம், சீனாவின்ட சீகல் எஸ்டி 36 எண்டு அதின்ட நகல் மலிவாவும் கிடைக்கும். ஆனா அது 36.6 மில்லி விட்டம். கேஸ் 41 மில்லி சதுரமா வரும், மூலைக்கு மூலை 58 மில்லி. நம்மட ஆக்களின்ட மணிக்கட்டு மேல்பக்கம் 50, 55 மில்லிதான், மூலை வெளியால நிக்கும். வட்டக் கேஸுக்கு அது ராசா, இந்த வீட்டுக்கு ஆகாது.

என்எச் 35, ஜப்பான் செய்கோ (Seiko) ஆக்கள் செய்யிறது, 27.4 மில்லி விட்டம், 5.3 மில்லி தடிப்பு, ஒட்டோமட்டிக், 41 மணித்தியாலம் ஓடும், 30, 40 டொலருக்குள்ள வாங்கலாம், உதிரிப்பாகமும் முள்ளும் டயலும் குவிஞ்சு கிடக்கு, பழுதானால் எந்த ரிப்பேயர்காரரும் முகம் சுழிக்கமாட்டார். 33 மில்லிக்குள்ள வடிவா அடங்கும். குறை ஒண்டுதான், மொத்த உயரம் 13 மில்லிக்குக் கிட்டப் போகும், சட்டைக்கைக்குள்ள போகாது, வீடு மாடிவீடாயிடும். மியோட்டா 9015 எண்டால் 3.9 மில்லி, 12க்குள்ள அடக்கலாம், விலை கூட.

பெசூ 7001, இதுதான் இந்த வெட்டுமுகத்துக்கெண்டே செய்த மாதிரி. சாவி குடுக்கிறது, 23.3 மில்லி விட்டம், தடிப்பு வெறும் 2.5. மொத்தம் 10 மில்லிக்குக் கீழ நிக்கும், கோப்பையைச் சுத்தி இடம் மிச்சம் வாறதால கூரைக்கு அடியில உண்மையாவே விறாந்தை மாதிரி ஒரு நிழல் இடைவெளி விடலாம். 6 மணியில சின்ன செக்கன் முள்ளு, முற்றத்தில கிணறு வைக்கிற இடம் மாதிரிச் சரியா வந்து விழும். விலைதான், என்எச் 35ஐப் போல பல மடங்கு, புதுசு எடுக்கிறதும் லேசில்ல. பழைய மெல்லிய சுவிஸ் மணிக்கூடுகளில இருந்து எடுக்கலாம், புறக்கோட்டைப் பக்கம் பழைய மணிக்கூட்டு வேலை தெரிஞ்ச ஆக்கள் இன்னும் இருக்கினம், அவையளிட்ட சொல்லிவைச்சால் கேஸ் பழுதான, மெஷின் நல்ல மணிக்கூடு எப்பவாவது வரும், சேர்விஸ் செய்விச்சுப் பாவிக்கலாம். காத்திருக்க மனம் இருக்கிற ஆக்களுக்கு மட்டும்.

பற்றறியில ஓடுற குவார்ட்ஸ் எண்டால் கனபேர் மூக்கைச் சுழிப்பினம், நான் சுழிக்கமாட்டன். மியோட்டா 2035 மூண்டு மில்லி சொச்சம் தடிப்பு, விலை ஒரு சாப்பாட்டுக் காசு, மாசத்துக்கு 20 செக்கனுக்கு மேல பிசகாது, என்எச் 35 ஒரு நாளிலயே அவ்வளவு பிசகலாம். உயரமும் 10, 11 மில்லிக்குள்ள. இந்த டிசைனில மெஷின் வெளியால தெரியாது, பின்பக்கம் கண்ணாடி வைக்கப்போறதும் இல்ல. அப்ப மெக்கானிக்கல் ஏன் எண்டால், தினம் காலமை ஒருக்கா சாவி குடுக்கிற தொடுகை, அது வேணுமா வேண்டாமா எண்டது கட்டப்போற ஆளைப் பொறுத்தது.

நேரம் காட்டுற விதத்தைப் பற்றி அதிகம் சொல்லேல்ல. முள்ளுக்குப் பதிலா தட்டு சுழலுறது, எண் வளைஞ்சு நகர்ந்து வாறது, இப்பிடியெல்லாம் செய்யலாம், அந்த நகருற எண் 17ஆம் நூற்றாண்டில ரோமில காம்பானி சகோதரர் பாப்பரசருக்குச் செய்த இரவு மணிக்கூட்டில இருந்தே இருக்கு. ஆனா அதுக்கு மேலதிகமா ஒரு மெக்கானிசம் வேணும், உயரம் ஏறும், இந்த டிசைனில புதுமை ஏற்கெனவே கூரையில இருக்கு. மணி முள்ளும் நிமிச முள்ளும், 7001 எண்டால் அந்தச் சின்ன செக்கன் முள்ளும் காணும். கடையில வாங்கிற முள்ளு நீளம் கூட, முற்றம் 20 மில்லி எண்டால் நிமிச முள்ளு ஒன்பதரைக்கு மேல போகக்கூடாது, வெட்டி நுனியைத் திரும்பக் கூராக்கவேணும். ஸ்டீல் முள்ளு கிடைச்சால் பித்தளைத் தூள் பரப்பின தட்டில வைச்சு அடியால சூடாக்கி 300 பாகைக்குக் கிட்ட நீலம் வர உடன எடுங்கோ, மஞ்சள், மண்ணிறம், ஊதா, பிறகு நீலம், ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஓடும், கண்ணை எடுக்கக்கூடாது.

கண்ணாடிக்கு சஃபயர். இலங்கை நீலக்கல் நாடு, ஆனா மணிக்கூட்டுக் கண்ணாடிக்குப் பாவிக்கிற சஃபயர் எல்லாம் ஆய்வுகூடத்தில வளர்க்கிறது, 1902இல பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுய் வெளியிட்ட முறையில இருந்து தொடங்கினது. கீறல் விழாது, தூரிகையால தேய்க்கப்போறீங்கள் எண்டதால இதில மிச்சம்பிடிக்கவேண்டாம், சின்ன வட்டமெண்டபடியால் ரெடிமேடா மலிவாவே கிடைக்கும்.

இவ்வளவும் வைச்சுப் பாத்தால் எனக்கெண்டால் 7001, ஸ்டீல் பின்மூடி போட்ட பித்தளைக் கோப்பை, செட்டியார் தெரு வெள்ளிக்கூரை. பேர்போன ஆர்கிடெக்ட் லெ கொர்பூசியேயும் முதல்ல சுவிஸ் மணிக்கூட்டு ஊரான ல ஷோ டி ஃபோனில மணிக்கூட்டுக் கேஸில சித்திரம் வெட்டப் படிச்ச ஆள்தான், அப்பா டயலுக்கு எனாமல் பூசினவர், பிறகுதான் கட்டடத்துக்குப் போனவர். வீடும் மணிக்கூடும் ஒரே கைக்குள்ள அடங்கும் எண்டு நான் நம்புறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

7001 கிடைக்கும்வரை வேலையை நிப்பாட்டிவைக்கவேண்டாம். கூரைக்கு எந்த மூவ்மென்ட் எண்டது தெரியத் தேவையில்ல, அதால கூரையை முதல்ல செய்விக்கலாம். இப்போதைக்கு 2035ஐப் போட்டு ஒரு கோப்பை கடைஞ்சு கட்டிக்கொண்டு திரியலாம், 7001 வந்த அண்டைக்கு கோப்பையை மட்டும் புதுசாக் கடைஞ்சு அதே நாலு ஸ்க்ரூவில அதே கூரையைப் பூட்டலாம். அதுக்கு ரெண்டு விசயத்தை முதல் நாளே சரிபண்ணிப்போடோணும். ஸ்க்ரூத் துளை நாலும் ரெண்டு கோப்பையிலயும் ஒரே இடத்தில வாற மாதிரி தகட்டில ஒரு அளவு அச்சு வெட்டி நானாவிட்டக் குடுத்து வைக்கோணும். மற்றது கிரவுன், ரெண்டு மூவ்மென்டிலயும் தண்டு வாற உயரம் வேற, அதால பத்தரிட்ட கூரையின்ட 3 மணிப் பக்கத்து வெளிச்சுவரில வட்ட ஓட்டை போடச் சொல்லாதேங்கோ, கீழ்விளிம்பில இருந்து மேல ஏறுற நீள்வெட்டா விடச் சொல்லுங்கோ, எந்தத் தண்டும் அதால வரும்.